விண்டோஸ் நிறுவிகள்: விழும்போது எது வாய் திறக்கிறது?

நல்ல நாளில் எல்லா நிறுவியும், அதாவது மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிரலும், ஒன்றுதான். நாலு முறை நெக்ஸ்ட், ஒரு முறை ஃபினிஷ், முடிந்தது. எது உருப்படி, எது ஊமை என்பது கெட்ட நாளில்தான் தெரியும். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக்கடைக் கல்லாவில் பில் போடும் கணினி. புது வெர்ஷன் பாதியில் நின்றுவிட்டது. கடைக்காரர் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படத்தில் 1603 என்ற எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதை வைத்து என்ன செய்வது?

இன்னோ செட்டப், விக்ஸ், எம்எஸ்ஐஎக்ஸ், கிளிக்ஒன்ஸ், இணையச் செயலிகளுக்கு வெப் டிப்ளாய் ஆகியவற்றை இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறது. திரை எவ்வளவு அழகு என்பதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது. தோற்றால் காரணம் சொல்கிறதா, பழைய நிலைக்குத் திரும்புகிறதா, ஆள் இல்லாமல் அமைதியாக ஓடுகிறதா என்ற மூன்றுதான் அளவுகோல்.

சிங்கப்பூரில் இந்த மூன்றும் கூடுதலாகச் சோதிக்கப்படும். ஐந்தாறு பேர் கொண்ட ஒரு மென்பொருள் நிறுவனம் இரண்டு வகை வாடிக்கையாளருக்கும் ஒரே செயலியை விற்கும். ஒரு பக்கம் ஒற்றைக் கணினிக் கடை: உரிமையாளரே அட்மின், ஐடி ஆள் என்று யாரும் இல்லை. இன்னொரு பக்கம் அரசாங்க அலுவலகம், வங்கி, மருத்துவமனை: ஊழியருக்கு அட்மின் உரிமை கிடையாது, மென்பொருளை மையக் குழுதான் தள்ளும். பொதுத்துறை அலுவலகக் கணினிகள் பல 2017லிருந்து இணையத்திலிருந்து பிரிக்கப்பட்டவை. 'தேவையானதை நானே இறக்கிக்கொள்கிறேன்' என்று சொல்லும் நிறுவி அங்கே வாசலிலேயே நின்றுவிடும். இதோடு பொருள் சேவை வரி. 2023 ஜனவரி 1 அன்று 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 அன்று 9 விழுக்காடு. அந்த இரண்டு புத்தாண்டு காலைகளிலும் தீவிலிருந்த ஒவ்வொரு பில் மென்பொருளும் புது விகிதத்தோடு எழுந்தாக வேண்டியிருந்தது.

இன்னோ செட்டப்: கடைக்கு இதுவே போதும்

ஜோர்டன் ரஸல் 1997இல் வெளியிட்ட கருவி, இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு எழுத்துக் கோப்பில் என்னென்ன ஃபைல், எங்கே போகவேண்டும், எந்த ஷார்ட்கட் என்று எழுதினால் ஒரே ஒரு இஎக்ஸ்இ வெளியே வரும். சிக்கலான வேலைக்கு பாஸ்கல் மொழியில் சிறு நிரல் எழுதலாம். புதிதாக வருபவர் ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்.

லாக் விஷயத்தில், அதாவது நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பில், இதற்கு முழு மதிப்பெண். ஸ்கிரிப்டின் செட்டப் பகுதியில் 'செட்டப்லாகிங்' என்பதற்கு 'யெஸ்' கொடுத்தால் போதும். பயனர் எதையும் தட்டச்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பயனரின் டெம்ப் ஃபோல்டரில் தேதியும் #001 போன்ற வரிசை எண்ணும் கொண்ட ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். இயல்பிருப்பாக இது அணைந்திருக்கிறது என்பது ஒரு குறை. முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

அந்த லாக் எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம். நிறுவி 'வெற்றி' என்கிறது. பில்லில் வரி மட்டும் பழைய 8 விழுக்காட்டிலேயே நிற்கிறது. லாக்கைத் திறந்து வரி கணக்கிடும் டிஎல்எல் (செயலியின் துணை நிரல் கோப்பு) பெயரைத் தேடினால் நம் கோப்பின் வெர்ஷன், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் வெர்ஷன் என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதற்குக் கீழே 'அதே வெர்ஷன், தவிர்க்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி. நிரலை மாற்றியவர் கோப்பின் வெர்ஷன் எண்ணை ஏற்ற மறந்திருக்கிறார். இன்னோ தன் இயல்பு விதிப்படி பழையதை விட்டுவைத்திருக்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு 'இக்னோர்வெர்ஷன்' என்ற கொடியைப் போட்டால் இந்தத் தொல்லை தீரும். மற்ற செயலிகளோடு பகிரப்படும் கோப்புகளுக்கு அதைப் போடாதீர்கள். அடுத்தவர் மென்பொருளைப் பழைய காலத்துக்குத் தள்ளிவிடும்.

அமைதியாக ஓட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. /வெரிசைலன்ட் மட்டும் கொடுத்தால் சன்னல்தான் மறையும், எச்சரிக்கைப் பெட்டிகள் மறையாது. /சப்ரஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ் கூடவே வேண்டும். மூன்றாவதாக /நோரீஸ்டார்ட். இதை விட்டுவிட்டு, மறுதொடக்கம் தேவைப்படும் ஒரு கோப்பும் சேர்ந்துகொண்டால், கணினி யாரையும் கேட்காமல் அணைந்து எழும். மதிய உணவு நேரத்தில் வரிசை நிற்கும் கடையில் அது நடந்தால் நீங்கள் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது நல்லது.

முடிவு எண்களும் தெளிவு: 0 என்றால் வெற்றி, 1 என்றால் தொடங்கவே முடியவில்லை, 2 என்றால் தொடங்குமுன் பயனர் நிறுத்திவிட்டார், 4 என்றால் நிறுவும்போது மோசமான பிழை, 5 என்றால் பாதியில் கைவிடப்பட்டது, 8 என்றால் முதலில் கணினியை மறுதொடக்கம் செய்யவேண்டும். தொலைவிலிருந்து தள்ளும் ஸ்கிரிப்ட் இந்த எண்ணைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஊழியர் சாதாரணக் கணக்கில் இருக்கிறார். அட்மின் வந்து தன் கடவுச்சொல்லைத் தட்டி நிறுவுகிறார். அப்போது ரெஜிஸ்ட்ரி எனும் விண்டோஸ் அமைப்புக் கிடங்கின் 'தற்போதைய பயனர்' பகுதியில் எழுதும் வரிகளும் ஆப்டேட்டா கோப்புகளும் அட்மினின் வீட்டுக்குள் போய்விடும். ஊழியர் செயலியைத் திறந்தால் அமைப்புகள் எதுவும் இருக்காது. கம்பைலர் இதைப் பற்றி எச்சரிக்கத்தான் செய்கிறது. பலர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். பயனருக்கான அமைப்புகளைச் செயலியே முதல்முறை திறக்கும்போது எழுதட்டும். நிறுவியிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முன்தேவைகளில் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் செயலி ஓட்டும் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 இருக்கிறதா என்று பார்க்க ரெஜிஸ்ட்ரியில் 'ரிலீஸ்' மதிப்பு 528040 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சமமா என்று பார்த்தால் தவறும், ஏனெனில் வெவ்வேறு விண்டோஸ் பதிப்புகளில் எண் சற்றே வேறுபடும். அடுத்தது 1638. விஷுவல் சி பிளஸ்பிளஸ் ரன்டைம் நிறுவி இந்த எண்ணைத் திருப்பினால், அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு மொத்த நிறுவலையும் நிறுத்தும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம். வெற்றியாகவே எண்ணி மேலே போங்கள்.

எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸைக் கூடவே நிறுவும் பில் மென்பொருளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புது விண்டோஸ் 11 கணினியில் தரவுத்தளச் சேவை எழாமல், 'ரெக்கவரி ஹேண்டில்' என்று ஏதோ சொல்லி நிறுவல் முறிந்தால் உங்கள் ஸ்கிரிப்டைக் குடையாதீர்கள். எஸ்கியூஎல் சர்வருக்கு 512 அல்லது 4096 பைட் செக்டர்தான் தெரியும். சில என்விஎம்இ வட்டுகள் அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. எஃப்எஸ்யுடில் கட்டளையில் 'எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ' கேட்டால் அளவு தெரியும். 4096க்கு மேல் வந்தால் ஸ்டோர்என்விஎம்இ சேவையின் 'பாராமீட்டர்ஸ்', அதனுள் 'டிவைஸ்' என்ற இடத்தில் 'ஃபோர்ஸ்டுஃபிசிக்கல்செக்டர்சைஸ்இன்பைட்ஸ்' என்ற பலவரி மதிப்பை உருவாக்கி '* 4095' என்று எழுதி மறுதொடக்கம் செய்யவேண்டும். நட்சத்திரக்குறிக்கும் எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. 4096 இல்லை, 4095. இரண்டையும் கவனியுங்கள்.

இன்னோவின் பெரிய பலவீனம் பின்வாங்குவதில் இருக்கிறது. பாதியில் தோற்றால் தான் புதிதாக வைத்ததை எடுத்துவிடும். மேலெழுதிய பழைய கோப்பைத் திருப்பி வைக்காது. அதனால் புதுப்பிப்பு பாதியில் விழுந்தால் பழைய செயலியும் இல்லை, புதியதும் இல்லை. 'பிரிப்பேர்டுஇன்ஸ்டால்' நிகழ்வில் பழைய ஃபோல்டரை நகலெடுத்து வைக்கும் பத்து வரி நிரலை எழுதாமல் எந்தக் கடைக்கும் அனுப்பாதீர்கள். பெரிய அலுவலகங்களின் குழுக் கொள்கை (குரூப் பாலிசி) வழி நிறுவலுக்கும் இது சரிப்படாது. அது எம்எஸ்ஐ என்ற விண்டோஸின் சொந்த நிறுவல் கோப்பைத்தான் கேட்கும். வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் உரிமம் வாங்கும்படி இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். கொடுக்கத் தகுந்த காசுதான்.

விக்ஸும் எம்எஸ்ஐயும்: கற்பது கசப்பு, விழுந்தால் கௌரவம்

விண்டோஸ் இன்ஸ்டாலர் 1999இல் ஆஃபிஸ் 2000உடன் வந்த நிறுவல் இயந்திரம். அதற்கு எம்எஸ்ஐ கோப்பு செய்யும் விக்ஸ், 2004இல் மைக்ரோசாஃப்ட் திறந்த மூலமாக வெளியிட்ட முதல் கருவி. எக்ஸ்எம்எல்லில் எழுதவேண்டும், கூறு, அம்சம், ஜியுஐடி (தனித்த அடையாள எண்) என்று தலை சுற்றும். ஆனால் பின்வாங்குவதில் இதை அடிக்க ஆளில்லை. மேலெழுதிய கோப்பு உட்பட எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். மையக் குழு தள்ளும் அலுவலகங்களுக்கு இதைத்தான் கொடுக்கவேண்டும்.

இப்போது அந்த 1603. 'மோசமான பிழை ஏற்பட்டது' என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. எம்எஸ்ஐஎக்செக் கட்டளையில் /ஐ, கோப்பின் பெயர், அதன்பின் /எல்*வி, லாக்கின் பெயர் என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வரும். மேலிருந்து படிப்பவர் அன்று வீட்டுக்குப் போகமாட்டார். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதைத் தேடி, முதலில் கிடைக்கும் இடத்தில் நின்று, அதற்கு மேலே உள்ள பத்திருபது வரிகளைப் படித்தால் காரணம் அங்கே இருக்கும். கடைசியில் கிடைப்பதைப் பிடித்தால் விளைவைத்தான் பார்ப்பீர்கள். இங்கே ஒரு சிங்கப்பூர்ச் சிக்கல்: சீன மொழி விண்டோஸ் போட்ட கணினிகளில் அந்தச் சொற்றொடரும் சீனத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. அப்போது கடைசியில் 3 என்ற எண் வரும் வரிகளைத் தேடுங்கள்.

கட்டளை தட்டத் தெரியாதவரின் கணினியென்றால், விண்டோஸ் இன்ஸ்டாலர் கொள்கைச் சாவியில் 'லாகிங்' என்ற மதிப்பை உருவாக்கி 'வாய்ஸ்வார்ம்அப்' என்று எழுதுங்கள். விளையாட்டல்ல, லாக் விருப்ப எழுத்துகளை யாரோ நினைவில் நிற்கும்படி அப்படி அடுக்கியிருக்கிறார்கள். அதன்பின் எந்த எம்எஸ்ஐ ஓடினாலும் டெம்ப் ஃபோல்டரில் லாக் விழும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுவலும் மெதுவாகும்.

1603க்குப் பின்னால் அடிக்கடி இருப்பவை சிலவே. இலக்கு ஃபோல்டரில் 'சிஸ்டம்' கணக்குக்கு உரிமை இல்லை. யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்திருப்பார்கள். அல்லது கஸ்டம் ஆக்‌ஷன், அதாவது நிறுவலின்போது ஓடும்படி நாமே எழுதிய நிரல் ஒன்று, நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டரைத் தொடுகிறது. தள்ளிவைத்து ஓடும் கஸ்டம் ஆக்‌ஷன் 'சிஸ்டம்' கணக்கில் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தால், பயனருக்குத் தெரியும் இசட் டிரைவ் (அந்த நெட்வொர்க் ஃபோல்டரின் இணைப்பு) அதற்குத் தெரியாது. எம்எஸ்ஐ கோப்பையே இசட் டிரைவிலிருந்து திறந்தாலும் இதே கதை நடக்கலாம்: அட்மினாக உயர்த்தப்பட்ட அமர்வுக்கு அந்த டிரைவ் இணைப்பே கிடையாது. கோப்பை முதலில் சி டிரைவுக்கு நகலெடுங்கள், பாதிப் புகார் அதிலேயே போய்விடும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். 1625 என்றால் கொள்கை தடுக்கிறது. ஐடி குழுவிடம் பேசுங்கள். 3010 தோல்வியல்ல, மறுதொடக்கம் கேட்கும் வெற்றி. 1612 என்றால் மூலக் கோப்பு காணவில்லை. வட்டில் இடம் பண்ணுவதற்காக விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரைத் துடைத்திருப்பார்கள். பழுதுபார்ப்பும் நீக்கமும் அந்த நகலை நம்பித்தான் நடக்கின்றன. முதலில் நிறுவிய அதே எம்எஸ்ஐ கோப்பைத் தேடிக் கொடுத்தால் ஒழிய மீட்சி இல்லை. ஆகவே வெளியிட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐயையும், மறுபடி கட்டியதை அல்ல, அசலையே பத்திரமாக வையுங்கள்.

வெர்ஷன் எண்ணில் எம்எஸ்ஐ வைத்திருக்கும் பொறியைச் சொல்லாமல் விட்டால் பாவம். நான்கு பகுதிகளில் முதல் மூன்றை மட்டுமே அது ஒப்பிடும். 4.2.1.8க்குப் பிறகு 4.2.1.9 வெளியிட்டால் இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றே. பழையது நீங்காது, நீக்கும் பட்டியலில் ஒரே செயலி இரண்டு முறை நிற்கும். மூன்றாவது எண்ணை ஏற்றுங்கள், அல்லது விக்ஸில் 'மேஜர்அப்கிரேடு' உறுப்பில் ஒரே வெர்ஷன் மேம்படுத்தலை அனுமதியுங்கள். முதல் இரண்டு எண்களும் 255ஐத் தாண்டக்கூடாது. ஆண்டை முதல் எண்ணாக வைத்து 2024.1 என்று எழுத ஆசைப்படுவோருக்கு இது தடை.

தமிழ் எழுத்து போடும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. எம்எஸ்ஐ தரவுத்தளம் பழைய கோட்பேஜ் முறையில், அதாவது மொழிக்கு ஒரு எழுத்து அட்டவணை என்ற முறையில், நடக்கிறது. செயலிகள் இயல்பாகப் பயன்படுத்தும் அப்படி ஒரு கோட்பேஜ் விண்டோஸில் தமிழுக்கு என்றைக்குமே இருந்ததில்லை, யூனிகோடு மட்டும்தான். அதனால் 1252 என்ற மேற்கத்திய கோட்பேஜில் தமிழ்த் தலைப்போடு கட்ட முயன்றால் விக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். யூனிகோடுக்கான 65001 கொடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் சில திரைகளில் காட்சி கெடலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. இன்னோவின் 6ஆம் பதிப்பு முழுக்க யூனிகோடு, அங்கே இந்தக் கவலையே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது ஐடி குழுக்களுக்கு. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலெடுக்க 'வின்32_புராடக்ட்' என்ற வகுப்பைக் கேட்காதீர்கள். பட்டியல் கேட்டதாக நினைப்பீர்கள். அது ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்த்து, தேவையென்றால் பழுதுபார்க்கவும் தொடங்கும். நிகழ்வுப் பதிவில் 1035 என்ற எண் மழையாகப் பொழிந்தால் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு இந்தப் பழுதுபார்ப்பு சாதாரணப் பயனரிடம் அட்மின் அனுமதி கேட்கத் தொடங்கி, 1730 என்ற பிழையோடு பல இடங்களில் நின்றது. முதல்முறை திறக்கும்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பழைய எம்எஸ்ஐ வைத்திருப்போர் அந்த வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

எம்எஸ்ஐஎக்ஸ், கிளிக்ஒன்ஸ்: ஆளுக்கு ஒரு பத்தி

மைக்ரோசாஃப்டின் புதிய பொட்டல வடிவமான எம்எஸ்ஐஎக்ஸ் சுத்தம், நீக்கினால் சுவடே இராது. ஆனால் எல்லாவற்றுக்கும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும். மேனிஃபெஸ்ட் எனும் விவரக் கோப்பில் உள்ள வெளியீட்டாளர் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் காற்புள்ளி, இடைவெளி உட்பட ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கையொப்பமிடும்போதே 8007000பி. 800பி0109 வந்தால் சான்றிதழின் வேரை அந்தக் கணினி நம்பவில்லை. நிறுவிய ஃபோல்டரிலேயே லாக் எழுதும் பழக்கமுள்ள பழைய செயலி இதில் அடைக்கப்பட்ட உடனே செத்துவிடும், அங்கே எழுத அனுமதி இல்லை. வலைப்பக்கத்திலிருந்து நேரே நிறுவும் 'எம்எஸ் ஆப்இன்ஸ்டாலர்' வழியைத் தீநிரல்காரர்கள் துஷ்பிரயோகம் செய்ததால் 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இயல்பிருப்பாக அணைத்துவிட்டது. புதிதாக எழுதும் செயலிக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு பழைய பில் மென்பொருளை இதற்குள் திணிப்பது வேண்டாத வேலை.

வலைப்பக்கத்திலிருந்தே செயலியை நிறுவிப் புதுப்பிக்கும் கிளிக்ஒன்ஸ் 2005லிருந்து இருக்கிறது. உள்ளலுவலகச் செயலிகளுக்கு இன்றும் மோசமில்லை. வெளியிட்ட பிறகு கான்ஃபிக் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் (கோப்பின் சரிபார்ப்புக் குறி) முறிந்து நிறுவல் நின்றுவிடும். மேஜ் கருவியால் மேனிஃபெஸ்டைப் புதுப்பித்து மறுபடி கையொப்பமிடவேண்டும். மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் வைத்தால் '.டிப்ளாய்' நீட்டிப்பை இயக்கியே வையுங்கள், இல்லையேல் கான்ஃபிக் கோப்பை வெளியே தர சர்வர் மறுத்துவிடும்.

வெப் டிப்ளாயும் ஐஐஎஸ்ஸும்: எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பிழைத்தீர்கள்

இணையச் செயலியை ஐஐஎஸ் சர்வருக்கு அனுப்பும் வெப் டிப்ளாய் 8172 என்ற போர்ட்டில் பேசும். தோல்விச் செய்திகள் முரட்டுத்தனமானவை, ஆனால் நேர்மையானவை: 'டெஸ்டினேஷன் நாட் ரீச்சபிள்' என்றால் போர்ட் மூடியிருக்கிறது அல்லது வெப் மேனேஜ்மென்ட் சேவை ஓடவில்லை, 'யூசர் அன்ஆதரைஸ்டு' என்றால் கணக்கு, 'ஃபைல் இன் யூஸ்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் செயலி டிஎல்எல்லைப் பிடித்துவைத்திருக்கிறது. கடைசியதற்கு 'ஆப்ஆஃப்லைன்' விதியை இயக்குங்கள்; அது ஒரு சிறு எச்டிஎம் கோப்பை வேரில் வைத்து, செயலியை இறக்கி, வேலை முடிந்ததும் எடுத்துவிடும்.

அதன் ஆபத்தான குணம் வேறு. அதன் கட்டளையான எம்எஸ்டிப்ளாய், ஒத்திசைவு என்றால் மூலத்தில் இல்லாததை இலக்கிலும் இல்லாமலாக்குவது என்றே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் பதிவேற்றிய விலைப்பட்டியல்களும் படங்களும் செயலி ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால், ஒரே தள்ளலில் எல்லாம் போய்விடும். 'டுநாட்டெலிட்' விதியை இயக்குங்கள். முதலில் 'வாட்இஃப்' விசையோடு ஓட்டி, என்னென்ன அழியும் என்ற பட்டியலைக் கண்ணால் பாருங்கள். அதைவிட நல்லது, பதிவேற்றங்களைச் செயலிக்கு வெளியே வேறு ஃபோல்டரில் வைப்பது.

தள்ளியாகிவிட்டது, பக்கம் வரவில்லை. ஏஎஸ்பி டாட்நெட் கோர் செயலியென்றால் திரையில் வரும் எண்ணே வழிகாட்டி. 500.19உம் 8007000டியும் சேர்ந்து வந்தால் கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு மாட்யூல் சர்வரில் இல்லை. ஐஐஎஸ்ஸுக்கு முன்பே ஹோஸ்டிங் பண்டிலை (டாட்நெட் செயலியை ஐஐஎஸ்ஸோடு இணைக்கும் தொகுப்பு) நிறுவியிருப்பார்கள்; அதைத் திறந்து 'ரிப்பேர்' கொடுத்து, வாஸ் சேவையை நிறுத்தி, டபிள்யு3எஸ்விசி சேவையை எழுப்பினால் சரியாகும். யூஆர்எல் ரீரைட் நிறுவாததும் இதே எண்ணைத் தரும். 500.19உடன் 80070005 வந்தால் கான்ஃபிக் கோப்பைப் படிக்கவே உரிமை இல்லை. 500.31 என்றால் தேவையான ரன்டைம் பதிப்பு சர்வரில் இல்லை. 500.32 என்றால் 32, 64 பிட் குழப்பம். 500.30 என்றால் உங்கள் செயலி தொடங்கும்போதே விழுந்தது. இதற்கு ஐஐஎஸ்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து செயலி ஃபோல்டருக்குப் போய் டாட்நெட் கட்டளையோடு டிஎல்எல் பெயரைக் கொடுங்கள்; விடுபட்ட தரவுத்தள இணைப்பு வரியைப் பற்றி அது கத்துவது அங்கே தெரியும். 'எஸ்டிடிஅவுட்' லாக்கை இயக்கலாம், ஆனால் அதற்கு அளவு வரம்பு இல்லை. மறந்துவிட்டால் வட்டை நிரப்பும்.

பக்கம் வந்தபின்னும் இரண்டு கோளாறுகள் மெதுவாகத் தலைகாட்டும். பயனர்கள் காரணமில்லாமல் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள் என்றால் ஆப் பூலில் (ஐஐஎஸ்ஸில் செயலி ஓடும் தனி அறை) 'லோட் யூசர் ப்ரொஃபைல்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் குக்கியைப் பூட்டும் சாவி நினைவகத்தில் மட்டுமே இருக்கும்; ஆப் பூல் புதுப்பிக்கப்படும்போது போய்விடும். இயல்பிருப்பில் 1740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு நடக்கும். யாரும் பயன்படுத்தாமல் 20 நிமிடம் சும்மா இருந்தாலும் செயலி இறக்கப்படும். புகார் ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில் வருவது இதனால்தான்.

இன்னொன்று தேதி. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். சர்வர் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவப்பட்டிருக்கும். அட்மின் தன் கணக்கில் சிங்கப்பூர் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சரி என்று போய்விடுவார். ஆப் பூல் கணக்கோ அமெரிக்க வடிவத்திலேயே ஓடும். 13/04 என்ற தேதி பிழை காட்டும், அதனால் கண்ணில் படும். 03/04 பிழையே காட்டாமல் மார்ச் 4 ஆகிவிடும். வட்டார அமைப்புகளின் நிர்வாகப் பக்கத்தில், அமைப்புகளைக் கணினிக் கணக்குகளுக்கும் நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. செயலியிலேயே வட்டாரத்தைக் குறிப்பிட்டுவிடுவது இன்னும் உறுதி.

எதுவும் பேசாதபோது

லாக்கும் மௌனம், எண்ணும் மௌனம் என்றால் பிராசஸ் மானிட்டர். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவத் தேவையில்லை, யுஎஸ்பியில் எடுத்துப் போகலாம். பிராசஸ் பெயருக்கு ஒரு வடிகட்டி, முடிவு 'ஆக்ஸஸ் டினைடு' என்பதற்கு ஒன்று. இரண்டே வடிகட்டியில் எந்தக் கோப்பின்மேல் எந்தக் கணக்குக்கு உரிமை இல்லை என்று தெரிந்துவிடும். 'நேம் நாட் ஃபவுண்டு' வரிகளைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆரோக்கியமான செயலியும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அதைப் பொழியும். விழும் நொடிக்குச் சற்று முன் தேடிக் கிடைக்காமல்போன டிஎல்எல் எது என்பதை மட்டும் பாருங்கள்.

இணையமில்லா அலுவலகங்களுக்குப் போகும் பொட்டலத்தில் டாட்நெட், வெப்வியூ2 (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் கூறு) இரண்டுக்கும் முழு ஆஃப்லைன் நிறுவியைச் சேருங்கள்; மீதியை இணையத்திலிருந்து இறக்கும் சின்ன பூட்ஸ்ட்ராப்பர் அங்கே வெறும் காகிதம். கையொப்பமிட்ட பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் சேவை அங்கே 1053 பிழையோடு எழ மறுத்தால், சான்றிதழ் ரத்துப் பட்டியலைத் தேடி வெளியே தட்டித் தட்டி 30 விநாடி வரம்பைத் தாண்டியிருக்கலாம். செயலியின் கான்ஃபிக்கில் 'ஜெனரேட்பப்ளிஷர்எவிடன்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

கையொப்பச் சான்றிதழ் வாங்குவோர் கவனிக்க: 2023 ஜூன் 1 முதல் அதன் தனிச்சாவி வன்பொருளில்தான் இருக்கவேண்டும், டோக்கனாகவோ மேகச் சேவையாகவோ. ஒரு ஊழியரின் மேசை டிராயரில் டோக்கன் கிடந்தால், அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் அவசர வெளியீடு இல்லை. தானியங்கிக் கட்டமைப்பு வைத்திருப்போருக்கு மேகச் சேவையே தோது. எதுவானாலும் நேரமுத்திரையை, அதாவது கையொப்பமிட்ட நேரத்துக்கான சான்றை, சேர்த்தே கையொப்பமிடுங்கள். அது இல்லாத நிறுவி, சான்றிதழ் காலாவதியாகும் அன்றே எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே நேரத்தில் அந்நியனாகிவிடும்.